நார்மலா, 95-ஆ, 100-ஆ? பைக்குக்கு ஏற்ற பெட்ரோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி

புது வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி வந்துவிடும்: "நார்மலா சார், பவரா?" பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும். புது வண்டிதானே, நல்லதாகவே குடிக்கட்டும் என்று "பவர்" என்று சொல்லிவிடுகிறோம். லிட்டருக்கு எட்டு, பத்து ரூபாய் கூடுதலாகப் போகிறது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது? தெருவில் ஓடும் பெரும்பாலான 100 சிசி, 125 சிசி, 350 சிசி வண்டிகளைப் பொறுத்தவரை, ஒன்றும் இல்லை. சில வண்டிகளுக்கு மட்டும் அந்தக் காசு இன்ஜினின் ஆயுளைக் காப்பாற்றுகிறது. உங்கள் வண்டி இதில் எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கும் வேண்டாம், நண்பர்களின் சத்தியமும் வேண்டாம். வண்டியோடு வந்த புத்தகமும் உங்கள் காதும் போதும்.

முதலில், இந்த எண் எதை அளக்கிறது

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை நசுக்குகிறது. நசுங்க நசுங்க அது சூடாகிறது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பிளக் பொறி தட்டுகிறது. பிளக் முனையில் பிறந்த தீ சிலிண்டரின் மறு ஓரம் வரை சீராகப் பரவ வேண்டும். அப்படிப் பரவும்போது எழும் அழுத்தம்தான் பிஸ்டனைக் கீழே தள்ளி வண்டியை ஓட்டுகிறது.

சிக்கல் அந்தக் கடைசி ஓரத்தில் இருக்கிறது. தீ வந்து சேர்வதற்குள், அங்கே மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்ளலாம். அப்போது அது பரவி எரிவதில்லை, மொத்தமாக வெடிக்கிறது. அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதித் திரும்புகின்றன. மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். பிஸ்டனின் தலையையும் சிலிண்டர் சுவரையும் ஒட்டி ஒரு மெல்லிய வாயுப் படலம் எப்போதும் இருக்கும். நெருப்பின் முழுச் சூடும் உலோகத்தில் இறங்காமல் தடுப்பது அதுதான். நாக்கிங் அந்தப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. நாள்பட்டால் பிஸ்டன் தலை அரிக்கும், ரிங் உட்காரும் விளிம்பு உடையும், மோசமானால் பிஸ்டனில் ஓட்டையே விழும்.

தானாகப் பற்றிக்கொள்ளாமல் ஒரு பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவே ஆக்டேன் எண். ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, என்-ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, சோதனை இன்ஜினில் ஒப்பிட்டு எண் கொடுக்கிறார்கள். 95 என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு இந்தப் பெட்ரோலும் தாங்கும். உள்ளே உண்மையில் எவ்வளவு ஐசோ-ஆக்டேன் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த விளக்கத்தில் 'சக்தி' என்ற பேச்சே வரவில்லை. வராது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டி இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்டேன் கூடினால் சக்தி கூடும் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும். இன்ஜினுக்கு ஒரு குறைந்தபட்ச ஆக்டேன் தேவை. அது கிடைத்துவிட்டால் அதற்கு மேல் கொடுப்பது, ஒரு குடையிலேயே நனையாமல் போகிறவன் இரண்டாவது குடையையும் சேர்த்துப் பிடிப்பது மாதிரி. கெடுதல் இல்லை; கைதான் வலிக்கும்.

வேலை 1: புத்தகத்தைத் திறந்து எண்ணைத் தேடுங்கள்

வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலை யாரும் படிப்பதில்லை. சீட்டுக்கு அடியிலோ, ஆர்.சி. இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்ளோ கிடக்கும். தொலைந்திருந்தால் கம்பெனி இணையதளத்தில் உங்கள் மாடலும் வருடமும் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். 'எரிபொருள்' என்ற தலைப்பிலோ, கடைசிப் பக்கங்களில் உள்ள தொழில்நுட்ப விவர அட்டவணையிலோ, 'ஈயம் கலக்காத பெட்ரோல்' என்பதை ஒட்டி 91 அல்லது 95 என்று ஓர் எண் இருக்கும். பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். சில வண்டிகளில் அங்கேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

'குறைந்தபட்சம்' என்று எழுதியிருக்கிறதா, 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். முதலாவது சட்டம், இரண்டாவது ஆலோசனை. குறைந்தபட்சம் 91, பரிந்துரை 95 என்று இருந்தால், அன்றாட ஓட்டத்துக்கு 91 போதும். முழுப் பாரத்தோடு வெயிலில் நெடுந்தூரம் போகும்போது 95 போடலாம்.

வேலை 2: அந்த எண் எந்த அளவுகோலில் இருக்கிறது?

இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஆக்டேனை அளக்க இரண்டு சோதனை முறைகள் உண்டு. ஒன்று ஆர்.ஓ.என். (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்), மென்மையான நிலைமைகளில் அளப்பது. மற்றது எம்.ஓ.என். (மோட்டார் ஆக்டேன் நம்பர்), அதிக வேகத்திலும் சூட்டிலும் அளப்பது; இதில் அதே பெட்ரோலுக்கு எட்டு, பத்து எண் குறைவாக வரும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா எல்லாம் பங்கில் எழுதுவது ஆர்.ஓ.என். அமெரிக்காவும் கனடாவும் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து வரும் சராசரியை எழுதுகின்றன.

அதனால் அமெரிக்கப் பங்கில் உள்ள 87-ம், நம் ஊர்க் கணக்கில் 91-ம் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே ஒருவர் வீடியோவில் "இந்த பைக்குக்கு 91-க்குக் குறையக் கூடாது" என்று சொன்னால், அவர் சொல்வது நம் கணக்கில் 95, 96. உங்கள் மேனுவலில் இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஆர்.ஓ.என். என்று போட்ட எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கேடிஎம் போன்ற ஆஸ்திரியக் கம்பெனியின் புத்தகங்களில் ஜெர்மன் மொழி வழக்கப்படி ஆர்.ஓ.இஸட். என்று இருக்கும், அதுவும் ஆர்.ஓ.என்.-தான்.

இலங்கை வாசகர்களுக்கு: உங்கள் ஊரில் 92, 95 என்று இரண்டு. புத்தகம் 91 கேட்டால் 92 தாராளம். மலேசியாவில் 95, 97. ஆக, அங்கே 'கப்சாய்' என்னும் சின்ன மொபெட் வகை பைக் ஓட்டுகிறவர் 97-ஐத் தேடிப் போக வேண்டியதே இல்லை.

வேலை 3: புத்தகமும் இல்லை, எண்ணும் கிடைக்கவில்லை என்றால்

கம்ப்ரெஷன் ரேஷியோவைப் பாருங்கள். பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பதுதான் அது. 9.5:1 என்றால் ஒன்பதரை மடங்கு. மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் எளிதில் கிடைக்கும். பொதுவாக 10:1 வரை 91 போதும். 12:1-ஐத் தாண்டினால் 95 கேட்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பவைதான் குழப்பம்.

சில வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 (இப்போதைய மாடல்) 9.5:1. அதே கம்பெனியின் இன்டர்செப்டர் 650-ம் 9.5:1 தான். மூன்று லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய இரட்டை சிலிண்டர் வண்டி, ஆக்டேன் விஷயத்தில் ஸ்பிளெண்டரைவிடப் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. பிஎஸ்-6 (இந்திய வண்டிப் புகை விதியின் ஆறாம் கட்டம்) ஸ்பிளெண்டரே 10:1-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. மறுபக்கம் 155 சிசி யமஹா ஆர்15, 11.6:1. ஹிமாலயன் 450, 11.5:1. பல்சர் என்எஸ்200, 11:1. விலை கூடிய வண்டிக்கு விலை கூடிய பெட்ரோல் என்பது நம் மனக்கணக்கு. இன்ஜினின் கணக்கு வேறு.

இந்த எண்ணை மட்டும் வைத்தும் முடிவுகட்டக் கூடாது. ஆர்15-இன் சிலிண்டர் விட்டம் வெறும் 58 மில்லிமீட்டர். பிளக்கிலிருந்து ஓரம் வரை தீ ஓட வேண்டிய தூரம் குறைவு. கடைசி ஓரத்துக் கலவை பற்றிக்கொள்வதற்குள் தீயே அங்கே போய்விடும். தண்ணீர் குளிர்விப்பும் உண்டு. அதனால் 11.6 என்று காகிதத்தில் பயமுறுத்தினாலும் அது சமாளிக்கிறது. கேடிஎம் 390 ட்யூக்கின் சிலிண்டர் விட்டமோ 89 மில்லிமீட்டர், கம்ப்ரெஷன் 12.6-ஐ ஒட்டி. தீ ஓட வேண்டிய தூரமும் அதிகம், அழுத்தமும் அதிகம். கேடிஎம் தன் சர்வதேசக் கையேட்டில் 95 கேட்பதில் வியப்பில்லை. பெரிய விட்டம், அதிகக் கம்ப்ரெஷன், காற்றால் மட்டுமே குளிர்விப்பு: இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தால் உங்கள் வண்டிமேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை 4: பங்கின் போர்டைப் படியுங்கள், பெயரை அல்ல

2000-களின் தொடக்கத்தில் 'ஸ்பீடு', 'பவர்', 'எக்ஸ்ட்ரா பிரீமியம்' என்று பெயர் வைத்த பெட்ரோல்கள் வந்தன. அவற்றில் முக்கியமாக இருந்தவை இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தமாக வைக்கும் சேர்மானங்கள். பெயரில் பவர் இருந்ததால் மக்கள் பவர் வரும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை இன்னும் பங்குகளில் நின்றுகொண்டிருக்கிறது. இப்போது எண்ணையே பெயரில் போடுவது வழக்கமாகிவிட்டது: இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி95, எக்ஸ்பி100, ஹெச்பியில் பவர்95, பவர்99, பாரத் பெட்ரோலியத்தில் ஸ்பீடு, ஸ்பீடு97. எண் இல்லாத பெயராக இருந்தால், "இது எத்தனை ஆக்டேன்?" என்று கேளுங்கள். போடுகிறவருக்குத் தெரியாவிட்டால் பங்கின் அலுவலக அறையில் சொல்வார்கள்.

100 ஆக்டேனை 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் முதலில் கொண்டுவந்தபோது லிட்டர் 160 ரூபாயை ஒட்டி விற்றார்கள். அது ரேஸ் டிராக்கில் இன்ஜினைத் திருத்தி ஓட்டுகிறவர்களுக்கு உரியது. கிளாசிக் 350-க்கு அதை ஊற்றுவது பெட்ரோலுக்கும் மரியாதை இல்லை, பர்ஸுக்கும் மரியாதை இல்லை.

வேலை 5: எத்தனாலை ஆக்டேனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

இப்போது பங்கில் நடக்கும் பாதிச் சண்டை இதைப் பற்றித்தான். 'இ20' என்றால் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுக்கச் சாதாரணப் பெட்ரோலே இ20 ஆகிவிட்டது. இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உள்ளன. ஒன்று, ஆக்டேன் என்ன ஆகிறது. மற்றது, எத்தனால் வண்டியை என்ன செய்கிறது.

முதல் கேள்விக்குப் பதில் நல்ல செய்தி. எத்தனாலின் ஆக்டேன் அதிகம் என்பதால் கலவையின் ஆக்டேனும் ஏறுகிறது. பிஎஸ்-2 காலத்தில் 88 ஆக இருந்த சாதாரணப் பெட்ரோல், பிஎஸ்-4-இல் 91 ஆகி, இ20 வந்தபின் 95-ஐ எட்டியிருக்கிறது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. அதாவது நார்மல் குழாயிலேயே 95-க்குப் பக்கத்தில் கிடைக்கும்போது, ஆக்டேனுக்காக மட்டும் 95 வகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் முன்னிருந்த நியாயம்கூட இப்போது மெலிந்துவிட்டது. சுத்தம் செய்யும் சேர்மானங்களுக்காகக் கொடுக்கிறேன் என்றால் அது வேறு பேச்சு.

இரண்டாவது கேள்விக்குப் பதில் அவ்வளவு இனிப்பாக இல்லை. எத்தனாலில் எரிசக்தி குறைவு, ஆகவே மைலேஜ் குறையும். இ10-க்கு அமைத்த இருசக்கர வண்டிகளில் இ20 போட்டால் 3 முதல் 4 விழுக்காடு வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே சொல்லியிருந்தது. லிட்டருக்கு 50 ஓடிய வண்டி 48. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர், கார்புரேட்டரின் உள்பாகங்கள் எத்தனாலில் ஊறி விறைக்கவோ உப்பவோ செய்யலாம். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகள் இ20-ஐத் தாங்கும் பாகங்களோடு வர வேண்டும் என்பது விதி. உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான்.

95 வாங்கினால் எத்தனால் இல்லாமல் கிடைக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். 95 வகைகளிலும் எத்தனால் உண்டு. எத்தனால் வேண்டாம் என்றால் 100 ஆக்டேன் பக்கம்தான் போக வேண்டும், அன்றாடம் கட்டுப்படியாகாது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்போகும் ஜாவாவுக்கோ ஆர்எக்ஸ்100-க்கோ கடைசி டேங்காக ஊற்றி வைக்கலாம், அவ்வளவுதான்.

வேலை 6: காது கொடுத்துக் கேளுங்கள்

புத்தகம் ஒன்று சொல்லும், உங்கள் வண்டியின் உண்மை நிலைமை வேறொன்று சொல்லும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, முடிந்தால் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, போக்குவரத்து இல்லாத மேம்பாலமோ சரிவான ரோடோ பாருங்கள். மூன்றாவது கியரில், இன்ஜின் திணறாத அளவு வேகத்தில் ஏறத் தொடங்கி, ஆக்ஸிலேட்டரை முக்கால் பங்கு திருப்புங்கள். ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்துவைத்தால் காது கேட்கும். இன்ஜின் தலைப்பகுதியிலிருந்து 'கிணுகிணுகிணு' என்று உலோகச் சத்தம் வருகிறதா? ஆக்ஸிலேட்டரைச் சற்றுக் குறைத்ததும் சட்டென நிற்கிறதா? அது நாக்கிங்.

டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தம் இப்படி இருக்காது. அது வண்டி நின்றபடி ஓடும்போதும் 'டிக் டிக்' என்று கேட்கும், இன்ஜின் வேகம் கூடக் கூட அதுவும் கூடும், பாரம் ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. டைமிங் செயின் தளர்ந்திருந்தால் கரகரப்பாக, பெரும்பாலும் காலையில் குளிர்ந்த இன்ஜினில் அதிகம் கேட்கும். சைலென்சர் மேல் உள்ள தகட்டுக்கு ஒரு போல்ட் கழன்றிருந்தால் அதுவும் ஒரு கிணுகிணுப்புதான். கையால் தட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். நாக்கிங்கின் அடையாளம் ஒன்றே: பாரம் இருக்கும்போது வரும், பாரம் விட்டதும் போகும்.

வேலை 7: சத்தம் வந்தால் உடனே விலை கூடிய பெட்ரோலுக்குத் தாவாதீர்கள்

91-இலேயே நன்றாக ஓடிய வண்டி திடீரென நாக் அடித்தால், பெட்ரோலை மாற்றுவது காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போடும் வேலை. நான் பார்க்கச் சொல்லும் வரிசை இது.

முதலில் உங்கள் கியர். நம்மூரில் மைலேஜ் ஆசையில் நாற்பதுக்கே டாப் கியர் போட்டு, ஏற்றத்திலும் அதிலேயே திணறத் திணற ஏற்றுகிற பழக்கம் பரவலாக உண்டு. குறைந்த வேகத்தில் முழு ஆக்ஸிலேட்டர் என்பது நாக்கிங்குக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது கலவை அதிக நேரம் அழுத்தத்திலும் சூட்டிலும் இருக்கிறது. ஒரு கியர் குறைத்து, இன்ஜினைச் சற்று வேகமாகச் சுற்றவிட்டு ஏறுங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேரின் 'ஆக்டேன் பிரச்சினை' இரண்டாவது கியரிலேயே தீர்ந்துவிடும்.

மலை பற்றி இன்னொன்று. ஊட்டிக்குப் போகிறேன், பவர் போட்டுக்கொள்கிறேன் என்பார்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. 2,200 மீட்டர் உயரத்தில் உங்கள் இன்ஜினுக்குத் தேவைப்படும் ஆக்டேன், மேட்டுப்பாளையத்தில் தேவைப்படுவதைவிடக் குறைவு. நாக் அடிக்க வாய்ப்புள்ள இடம், மே மாத வெயிலில், இரண்டு பேரும் பையுமாக, அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்கும் முதல் சில கிலோமீட்டர்கள்தான்.

அடுத்து இன்ஜினின் சூடு. ஆயில் மாற்றும் தேதி தாண்டிவிட்டதா, காற்றால் குளிரும் இன்ஜினின் தகடுகளுக்கு நடுவே சேறு அடைத்திருக்கிறதா, ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிளக். சூட்டு எண் (பிளக் எவ்வளவு சூட்டை வெளியே கடத்தும் என்ற அளவு) மாறிய பிளக்கைப் போட்டிருந்தால் அதன் முனையே கனன்று, பொறி தட்டுவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். அதிகம் ஓடிய வண்டியில் பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கலாம். கரி இடத்தை அடைப்பதால் கம்ப்ரெஷன் உண்மையிலேயே கூடிவிடுகிறது. இங்கேதான் சுத்தம் செய்யும் சேர்மானம் உள்ள பெட்ரோலை இரண்டு மூன்று டேங்க் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

கடைசியாகப் பெட்ரோலின் யோக்கியதை. மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சரியும். குறிப்பிட்ட ஒரு பங்கில் போட்டபின் மட்டும் சத்தம் வருகிறது என்றால் சந்தேகப்படலாம். வடிதாள் சோதனை கேட்க எந்த வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு: குழாய் முனையைத் துடைத்துவிட்டு வெள்ளை வடிதாளில் ஒரு சொட்டு விட்டால், ஓரிரு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாகிவிட வேண்டும். எண்ணெய்க் கறை தங்கினால் கலப்படம். அன்றைய அடர்த்தி எண்ணையும் பங்கில் எழுதி வைத்திருப்பார்கள். பிஎஸ்-6 பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரியில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

இவை அத்தனையும் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், அப்போது 95 போடுங்கள். நின்றுவிட்டால் உங்கள் வண்டிக்கு அதுதான் வேண்டும். யார் என்ன சொன்னாலும் அதையே தொடருங்கள்.

சில பெரிய வண்டிகளில் நாக் சென்சார் உண்டு. நாக்கிங் தொடங்கும்போதே பொறியின் நேரத்தைத் தள்ளிவைத்துக் கம்ப்யூட்டர் தப்பித்துக்கொள்ளும். உங்களுக்குச் சத்தம் கேட்காது, இழுவை சற்றுக் குறைவாகத் தெரியும். அந்த வண்டிகளுக்கு மட்டும்தான் ஆக்டேனைக் கூட்டினால் இழுவை கூடியதாக உணர இடம் இருக்கிறது. பெரும்பாலான பிஎஸ்-6 வண்டிகளில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரை இதோடு குழப்பக் கூடாது. அது எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதைத் திருத்துமே தவிர, ஆக்டேனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

வேலை 8: மைலேஜ் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

"பவர் போட்டால் மைலேஜ் கூடுது, அதிலேயே காசு வந்துடும்" என்பது அடுத்த வாதம். சென்னையில் 2025-இல் நார்மல் லிட்டர் 101 ரூபாயை ஒட்டி இருந்தது. பிரீமியம் எட்டு ரூபாய் அதிகம் என்று வையுங்கள். அந்த எட்டு ரூபாயைத் திரும்ப எடுக்க மைலேஜ் 8 விழுக்காடு கூட வேண்டும். 45 கொடுக்கும் வண்டி 48.6 கொடுக்க வேண்டும். 91 போதுமான இன்ஜினில் இது நடக்கவே நடக்காது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 22 லிட்டர், ஆக 180 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல். அதில் இரண்டு ஆயில் சர்வீஸை ஒழுங்காகச் செய்தால் இன்ஜின் வாழ்த்தும்.

நம்பிக்கை வரவில்லையா, சோதித்துப் பாருங்கள். டேங்கை நிரப்பி, குழாய் தானாக நிற்கும் முதல் தடவையோடு நிறுத்துங்கள். ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு முந்நூறு கிலோமீட்டராவது வழக்கமான ரோட்டில் ஓட்டுங்கள். அதே பங்கு, அதே குழாய், அதே மாதிரி நிரப்பி, போன லிட்டரால் ஓடிய தூரத்தை வகுங்கள். இரண்டு வகைக்கும் இரண்டு மூன்று டேங்க் இப்படிச் செய்தால்தான் கணக்கு நிற்கும். மீட்டரில் காட்டும் மைலேஜை இதற்கு நம்ப வேண்டாம்.

சில்லறைச் சந்தேகங்கள்

*பழைய புல்லட், ஆர்எக்ஸ்100 வைத்திருக்கிறேன்.* இவற்றின் கம்ப்ரெஷன் இன்றைய வண்டிகளைவிட மிகக் குறைவு. ஆர்எக்ஸ்100-இல் 7:1 கூட இல்லை. சாதாரணப் பெட்ரோலே இவற்றுக்குத் தேவைக்கு மேல். இந்தியாவில் 2000-த்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய புல்லட்டின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம் ஒரு மெத்தையாக இருந்தது என்பது உண்மை. ஆனால் 100 ஆக்டேன் போட்டால் அந்த மெத்தை திரும்ப வராது. அது வேறு வேலை, லேத் பட்டறையில் கடினமான வால்வு இருக்கை போட்டுத்தான் செய்ய வேண்டும்.

*நார்மலும் 95-ம் கலக்கலாமா?* தாராளமாக. நார்மலின் எண் 91 என்று வைத்துக்கொண்டால், பாதிப் பாதிக் கலவை ஏறக்குறைய 93.

*பாட்டிலில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர்?* லேபிளில் '10 பாயின்ட் கூடும்' என்று இருந்தால், பத்துப் பாயின்ட் என்பது பல நேரம் ஒரே ஒரு ஆக்டேன் எண்தான். மாங்கனீஸ், இரும்புச் சேர்மங்கள் உள்ளவை பிளக்கில் செம்பழுப்புப் படிவத்தை விட்டுவைக்கும், சைலென்சரில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் ஆகாது. அந்தக் காசுக்கு 95 பெட்ரோலே வாங்கலாம்.

*95 வேண்டிய வண்டி, வெளியூரில் 95 கிடைக்கவில்லை.* பதற வேண்டாம். நார்மலைத் தேவையான அளவு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், ஃபுல் டேங்க் வேண்டாம். அடுத்த ஊர் வரை ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருப்பாமல், கியரைக் குறைத்துவைத்து, மதிய வெயிலில் ஒரு டீக்கு நின்று இன்ஜினை ஆறவிட்டுப் போங்கள். 95 கிடைத்ததும் மேலே நிரப்பிக்கொள்ளலாம்.

*மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறேன்.* எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் தண்ணீர் அதிகம் சேர்ந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கிவிடும். மூடியின் ரப்பரைச் சரிபார்த்து, டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைவாக இருந்தால் ஈரத்துக்கும் இடம் குறைவு. கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் டேங்குக்கு அடியில் உள்ள பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் காலிசெய்யுங்கள்.